தனி மரத்துக்கு மட்டும் பட்டமா?

நம்மாட்களுக்கு எண்ணிக்கை வியாதி பிடித்திருக்கிறது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியபோது எனக்கும் சந்தோஷம்தான், இல்லேன்னு சொல்லல. 2018-ல் கூகுள் துணையோடு நடந்த வேங்கைத் திட்டப் போட்டியிலும் எந்த மொழிக்காரர் எத்தனை கட்டுரை என்றுதான் கணக்கு. தரம்னு பேச்சு வந்தால், தனித்தனியாகப் பார்த்து 'சிறப்புக் கட்டுரை' பட்டம்.

ஆங்கில விக்கியில் இன்னொரு பட்டம் உண்டு. 'சிறப்புத் தலைப்பு' என்று வைத்துக்கொள்வோம். தொடர்புள்ள கட்டுரைகள், குறைந்தது மூன்று, ஒரு தலைமைக் கட்டுரையின் கீழ் சேர்ந்து தேறவேண்டும். நன்றாக வந்ததை மட்டும் பொறுக்கி அடுக்கக்கூடாது. கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை இருக்கக்கூடாது. நம்ம பொட்டி தட்டுற பாஷையில் இண்டக்ரேஷன் டெஸ்ட். ஒவ்வொரு மாட்யூலும் தனியா பாஸாகி, சேர்த்தால் படுத்துக்கொள்கிற ப்ராஜெக்ட் எத்தனை பார்த்திருக்கோம்!

இது நமக்கு எதுக்குன்னு கேட்பவர்கள் பழவேற்காட்டுக்கு வாங்க. சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி, பூநாரை, டச்சுக்காரர்களின் 1613-ம் வருஷத்து கெல்ட்ரியா கோட்டை. இதையெல்லாம் யார் வேணா எழுதிடுவாங்க, படமும் அழகா கிடைக்கும். ஆனால் பாடு? யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மீனவர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. அது புரிய சுத்துவலை தெரியணும், இறால் தெரியணும். இறாலுக்கு முகத்துவாரம் தெரியணும். அந்த வாயை மணல் அடைத்துவிட்டால் கடல்தண்ணி வராது, இறால் குஞ்சும் வராது. அப்புறம் பாடு இருந்து என்ன, பிடிக்க என்ன இருக்கும்? கரையோர மணல் எப்படி நகர்கிறது என்று தேடினால் தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களையும் படித்தாகணும்.

2018-ல் அதானி கைக்குப் போன காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்க, 2021 ஜனவரியில் வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. அந்த நேரத்தில் ஒரு கல்லூரி மாணவன் தேடிப்பார்த்து, பறவையும் டச்சுக் கல்லறையும் மட்டும் கிடைத்தால், மீனவன் ஏன் கத்துகிறான்னு எப்படிப் புரியும்? ஒவ்வொரு கட்டுரையும் நட்சத்திரம் வாங்கியிருக்கலாம். ஏரி அங்கே இருக்காது.

"ஆளே இல்லப்பா, முதல்ல எண்ணிக்கை வரட்டும்" என்பார்கள். ஆள் கம்மி என்றால்தான் சாமி இது வேணும். நாலு பேர் நாலு திக்குல ஓடாமல் ஒரே ஏரியில் இறங்கினால், ஒருத்தர் விட்ட ஓட்டை அடுத்தவர் கண்ணில் படும். ஆதாரம் இல்லையாம். பாடு முறை பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. இங்கிலீஷில் இருப்பதைப் படித்துத் தமிழில் எழுத நமக்குத்தான் சோம்பல்.

ஆங்கிலத்தில் இந்தப் பட்டம் வாங்கியதில் வீடியோ கேமும் புயலும்தான் ஏகப்பட்டது :-) வட்டம் போட்டால் முடிந்துவிடுகிற சமாச்சாரங்கள். ஏரிக்கு எல்லை எதுன்னு சண்டை வரும். ஸ்ரீஹரிகோட்டாவைச் சேர்க்கணுமா, பக்கிங்காம் கால்வாய் வருமா, பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கே, அதை யார் எழுதுவது? வரட்டும். உரையாடல் பக்கத்தில் அந்தச் சண்டையை ஆரம்பிங்க, முதல் ஆளா நான் வரேன்.