வெளுப்பது வேறு, காப்பது வேறு

மஞ்சளேறிய பழைய கணினிக் கூட்டை வெயிலில் கிடத்தி வெளுப்பதற்குப் 'புத்துயிர்ப்பு' என்று பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. கோடையில் 40 பாகையைத் தாண்டும் தில்லி வெயில் மொட்டைமாடியில் இலவசமாகக் கிடைக்கையில் ஹைட்ரஜன் பெராக்சைடு எதற்கு என்று கேட்கிறார்கள். இக்கேள்வி வேதியியலையும் மறக்கிறது, வரலாற்றையும் மறக்கிறது.

அக்காலக் கணினிக் கூடுகள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்னும் நெகிழியால் ஆனவை. அதிலுள்ள பியூட்டாடையீன் பகுதி வெப்பத்தாலும் புறஊதாக் கதிராலும் ஆக்சிஜனேற்றம் அடைவது மஞ்சளாவதற்கு ஒரு முதன்மைக் காரணம். வெயிலின் ஒரு கூறு அந்த மஞ்சளைச் சிதைக்கிறது என்பது மெய்யே. ஆனால் அதே வெயிலின் புறஊதாக் கூறு நெகிழியின் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கிறது. நிறம் தற்காலிகமாகத் திரும்புகிறது. பின்னர் மஞ்சள் மீண்டும் ஏறுவதும் உண்டு. இழந்த உறுதியோ திரும்புவதே இல்லை.

இழப்பு நெகிழியோடு நிற்பதுமில்லை. 1984-85இல் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் கணினி எழுத்தறிவுத் திட்டம் முதற்கட்டமாக 250 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தது. அப்பள்ளிகளுக்கு வந்த கருவி ஏக்கார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ. அதன் கூடு பிறப்பிலேயே வெள்ளையன்று, வெளிர்மஞ்சள் சாயல் கொண்டது. அளவுமீறி வெளுப்பவர் மீட்பது எந்தக் காலத்து நிறத்தை? சன்னலோரம் இருந்த பக்கம், இருப்பு எண் ஒட்டிய சீட்டின் தடம், தூசு உறை மூடிய பகுதி ஆகியவற்றை அந்தச் சீரற்ற மஞ்சளே காட்டக்கூடும். ஒரு வகுப்பறையின் பயன்பாட்டுச் சான்று அது. ஒரு கோடை வெயில் அதை அழித்துவிடும்.

மஞ்சளேறிய பெட்டியைக் கழிவுநீக்கக் குழு ஏலத்தில் தள்ளிவிடும், வெளுத்தாலாவது பிழைக்கும் என்று மறுப்போர் உண்டு. இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. ஏலம் போன எத்தனையோ கணினிகள் சீலாம்பூர்ப் பட்டறைகளில் உடைந்து சிதறியிருக்கின்றன. ஆனால் அதற்குப் பரிகாரம் பெட்டியை வெளுப்பதன்று, குழுவின் கண்ணைத் திருத்துவது. வாங்கிய ஆண்டும் விலையும் எழுதப்படும் இருப்புப் பதிவேட்டில் வரலாற்று மதிப்பு என்றொரு பத்தி ஏன் இல்லை?

மேலும், மஞ்சள் எந்தக் கணினியையும் கொல்வதில்லை. மின்வழங்கியில் வெடித்துப் புகையும் மின்தேக்கி கொல்கிறது, கசியும் மின்கலம் கொல்கிறது. நெகிழ்தட்டில் படரும் பூஞ்சை அதிலுள்ள தரவைக் கொல்கிறது. இவற்றைத் திறந்து பார்க்காமல் மேற்கூட்டை மட்டும் மினுக்குவது பிணத்துக்குப் பூச்சூட்டும் வேலை.

தொடர் எண்ணைக் குறித்து, நான்கு பக்கமும் நிழற்படம் எடுத்து, மென்துணியால் துடைத்து, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். பல்கலைக்கழக வைப்பறைகளில் எஞ்சியிருப்பவை மிகச் சில. அவற்றுக்கு இன்று வேண்டுவது வெயிலன்று, நிழலும் ஒரு பதிவேடும்.