‘அக்கா, சுகர் பாத்துடுறீங்களா?’ - வார்டில் வேலை சொல்வதில் ஏன் இவ்வளவு சண்டை?

இப்படி ஒரு நைட் டியூட்டியை யோசித்துப் பாருங்கள். 30 படுக்கைகள் உள்ள மெடிசின் வார்டு. இருப்பது இரண்டே பேர். ஒருவர் பி.எஸ்சி. நர்சிங் முடித்து வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆன ஸ்டாஃப் நர்ஸ், வயது 24. இன்னொருவர் அதே வார்டில் 20 வருடமாக இருக்கும் பெண் நர்சிங் உதவியாளர்.

“அக்கா, பதினாலாம் பெட்டுக்கு சுகர் பாத்துடுறீங்களா?” என்கிறார் நர்ஸ். அக்காவும் பார்க்கிறார். மீட்டரில் 58. சார்ட்டில் எழுதிவிட்டு, இன்னொரு நோயாளிக்கு பெட்பேன் வைக்கப் போய்விடுகிறார். அரை மணி நேரம் கழித்து நர்ஸ் அந்தப் பக்கம் வந்தால், நோயாளி வேர்த்துக் கொட்டி, என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் உளறிக்கொண்டிருக்கிறார். டியூட்டி டாக்டர் ஓடி வந்து, டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி, நோயாளி பிழைத்துவிடுகிறார். சண்டை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

“58-ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அக்கா?”

“நீங்க பாக்கச் சொன்னீங்க சிஸ்டர். பாத்தேன். எழுதியும் வெச்சேன்.”

காலையில் விஷயம் மேலே போகும். “ரெண்டு பேரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எனக்கு உடன்பாடு இல்லாதது இந்த இடத்தில்தான். இதை இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் ஈகோ பிரச்சினை என்று முடித்துவிட்டால், அடுத்த 58-ம் இதே மாதிரி சார்ட்டிலேயே கிடக்கும்.

விட்டுப்போன ஒரு வரி

ஒரு நர்ஸ் தன் வேலையில் ஒரு பகுதியை இன்னொருவரிடம் ஒப்படைப்பதற்கு நர்சிங்கில் தனி இலக்கணமே இருக்கிறது. அமெரிக்காவில் நர்ஸ்களுக்கான உரிமத் தேர்வை நடத்தும் என்.சி.எஸ்.பி.என். என்ற அமைப்பு இதை ஐந்து ‘ரைட்’களாகச் சொல்கிறது. சரியான வேலை, சரியான சூழல், சரியான ஆள், சரியாகச் சொல்வது, சரியாகக் கண்காணிப்பது. மருந்து கொடுப்பதற்கான ‘ஃபைவ் ரைட்ஸ்’ நம்மூர் நர்சிங் மாணவிகளுக்கு மனப்பாடம். கிட்டத்தட்ட அதே பாணிதான்.

பதினாலாம் பெட் கதையில் முதல் மூன்றும் சரி. குளுக்கோமீட்டரில் சுகர் பார்க்க அக்காவுக்கு நன்றாகவே தெரியும். சறுக்கியது நான்காவதில். “70-க்குக் கீழ இருந்தா எழுதுறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க அக்கா” என்ற ஒரு வரி சொல்லப்படவில்லை. ஐந்தாவதும் நடக்கவில்லை. பத்து நிமிடத்தில் நர்ஸே போய் “எவ்வளவு இருந்துச்சு?” என்று கேட்டிருக்க வேண்டும்.

அப்படியென்றால் தப்பு யார் மேல்? ஏற்றுக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்வது உதவியாளரின் பொறுப்பு. அந்த வேலையை யாரிடம், எப்படிக் கொடுத்தோம், அதன் பிறகு நோயாளிக்கு என்ன ஆனது என்பது கொடுத்தவரின் பொறுப்பு. மீட்டரைப் பார்க்கும் வேலையைக் கைமாற்றலாம். 58 என்றால் என்ன அர்த்தம், அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பதைக் கைமாற்ற முடியாது.

சரி, அந்த ஒரு வரியைச் சொல்வதில் அப்படி என்ன கஷ்டம்? இருக்கிறது. நம் வார்டுகளில் உறவுமுறை வைத்துக் கூப்பிடுவது சாதாரணம். ‘அக்கா’ என்று கூப்பிட்டால் உதவி கேட்பது சுலபமாகிறது, உத்தரவு சொல்வது கஷ்டமாகிறது. டியூட்டியில் சேர்ந்த முதல் வாரத்தில் வார்டின் நெளிவு சுளிவையெல்லாம் சொல்லிக் கொடுத்தவரிடம் போய், “70-க்குக் கீழ இருந்தா சொல்லுங்க” என்றால் “எனக்கே சொல்றியா?” என்று நினைப்பாரோ என்ற தயக்கம். கவுன்சில் பதிவு 24 வயதுக்காரரிடம் இருக்கிறது. வார்டில் மரியாதை 48 வயதுக்காரரிடம் இருக்கிறது. இந்த முடிச்சைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசுவதில்லை.

தலைகீழாகவும் நடக்கிறது. சீனியர் நர்ஸ் கஷ்டமான நோயாளிகளை எல்லாம் ஜூனியர் தலையில் கட்டிவிடுவது. அந்த ஜூனியர் ஒப்பந்த நர்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்தது பலருக்கு நினைவிருக்கும். வேலையே உறுதியில்லாத ஒருவர், பக்கத்தில் நிற்கும் நிரந்தரப் பணியாளரிடம் “இது என்னால முடியாது” என்று எப்படிச் சொல்வார்? ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் சில தனியார் மருத்துவமனைகளில் நிலைமை இன்னும் மோசம்.

ஆனால், முடியாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டிய நேரம் உண்டு. “இது என் வேலை இல்ல” என்பது கதவைச் சாத்துவது. “இந்த இன்ஃப்யூஷன் பம்ப் எனக்குப் பழக்கமில்ல சிஸ்டர், முதல் தடவை மட்டும் கூட நில்லுங்க” என்பது நோயாளியைக் காப்பாற்றுவது. இரண்டாவதாகச் சொன்னதையும் திமிர் என்று எடுத்துக்கொள்ளும் சீனியர்கள் இருக்கிறார்கள். தெரியாமலே பொட்டாசியம் குளோரைடை பம்பில் ஓடவிடும் ஜூனியரை விட, தெரியாது என்று சொல்லும் ஜூனியர் எவ்வளவோ மேல்.

கடைசியில் வேலை போகும் இடம்

இந்தச் சண்டையில் இன்னொருவர் சத்தமில்லாமல் மாட்டிக்கொள்கிறார். நோயாளியின் அட்டெண்டர். நர்ஸுக்கு நேரமில்லை, உதவியாளர் ‘என் வேலை இல்லை’ என்கிறார் என்றால், ரைல்ஸ் டியூபில் கஞ்சி ஊற்றுவது நோயாளியின் மகள் தலையில் விழும். படுக்கையின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்த வேண்டும், ஊற்றி முடித்ததும் உடனே படுக்க வைக்கக் கூடாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. ஐந்து ரைட்களில் ஒன்றுகூட இல்லாமல் நடக்கும் வேலை ஒப்படைப்பு இதுதான்.

“ஆளே இல்ல, இதுல ரைட் என்ன ராங் என்ன?” என்று நர்ஸ்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. போதனா மருத்துவமனை பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. மேலே சொன்ன வார்டில் 30-க்கு ஒருவர். ஆள் போடாமல் சுவரில் ஃபைவ் ரைட்ஸ் போஸ்டர் மட்டும் ஒட்டினால் அது கிண்டல் மாதிரிதான் இருக்கும்.

இருந்தாலும் ஆள் வரும் வரை காத்திருக்காமல் செய்ய முடிவது ஒன்று இருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது நர்ஸ்கள் மட்டும் ஹேண்ட் ஓவர் பேசிக்கொள்வதை மாற்றி, உதவியாளர்களையும் நிற்க வைத்துப் பேசலாம். எந்த பெட் யாருக்கு, எந்த நம்பர் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதை இன்சார்ஜ் சிஸ்டரே எல்லோர் முன்னாலும் சொல்லி, போர்டில் எழுதிவிட்டால், 24 வயது நர்ஸ் அக்காவிடம் தனியாகத் தயங்கி நிற்க வேண்டியதில்லை. அது வார்டின் விதியாகிவிடுகிறது. ஐந்து நிமிட வேலை.

அப்புறம் அந்த இன்சிடென்ட் ரிப்போர்ட். எழுதினால் மெமோ வரும் என்று பயந்துதான் பலர் எழுதுவதே இல்லை. அந்த ஃபார்மில் யார் தவறு செய்தது என்று கேட்பதற்கு முன்னால், அந்த நேரத்தில் வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை பேர் டியூட்டி, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று மூன்று கட்டங்கள் இருக்கட்டும். முதல் இரண்டு கட்டங்களை நிரப்பும்போது நிர்வாகத்துக்கும் கொஞ்சம் வேர்க்கும்.