ஒரு சர்க்கரைக் கட்டி... 10 செ.மீ. பெண்... கலைந்துபோன ஒரு குடித்தனம்!

கம்மல் திருகு, ஊக்கு, சட்டைப் பொத்தான்... வீட்டுக்குள்ளேயே தொலைந்து, வீட்டுக்குள்ளேயே கிடைக்காமல் போன பொருள்களுக்கு எந்த வீட்டிலும் கணக்கு இருக்காது. 'அதெல்லாம் தரைக்கு அடியில் குடியிருக்கும் குட்டி மனிதர்கள் இரவல் எடுத்துப்போனவை' என்று ஒரு கதை கட்டினார் இங்கிலாந்து எழுத்தாளர் மேரி நார்ட்டன். 1952-ல் வந்த அவருடைய 'தி பாரோவர்ஸ்' நாவலை, ஜப்பானின் ஸ்டூடியோ ஜிப்லி 2010-ல் 'அரியெட்டி' என்ற அனிமேஷன் படமாக எடுத்தது. திரைக்கதையில் ஹயாவோ மியாசாகியும் இருக்கிறார். இயக்கியவர் ஹிரோமாசா யோனெபயாஷி. அவருக்கு இது முதல் படம் என்றால் நம்ப முடியாது!

இதே நாவலை 1997-ல் ஹாலிவுட்டும் எடுத்திருக்கிறது. 'ஹாரி பாட்டர்' மால்ஃபாயாக வந்த டாம் ஃபெல்டன், அதில் குட்டிப் பையன். விழுவதும் ஓடுவதுமாக ஜாலியான படம். ஜிப்லி போனது வேறு வழி.

அரியெட்டிக்கு 14 வயது. உயரம் 10 செ.மீ. அப்பா, அம்மாவோடு ஒரு பழைய வீட்டின் தரைக்கு அடியில் குடித்தனம். முதன்முதலாக அப்பாவோடு இரவல் எடுக்கக் கிளம்புகிறாள். வேண்டியது ஒரு சர்க்கரைக் கட்டியும் ஒரு டிஷ்யூ பேப்பரும்தான். வழியில் கிடைக்கும் குண்டூசி, அவள் இடுப்பில் வாளாகிறது. அப்பா கை கால்களில் டபுள் சைடு டேப் ஒட்டிக்கொண்டு மேஜைக் காலில் ஏறுகிறார்!

நம் சமையலறை அவளுக்கு எப்படி இருக்கும்? படம் அதைக் காதுக்கும் காட்டுகிறது. நாம் கவனிக்கவே கவனிக்காத கடிகாரமும் ஃபிரிட்ஜும் அங்கே பேரிரைச்சல். இன்னொன்றையும் கவனியுங்கள்... அவர்கள் வீட்டில் டீ, கோப்பையில் தாரையாக விழுவதில்லை. குண்டு குண்டாகச் சொட்டுகிறது. அந்த அளவில் திரவம் அப்படித்தான் திரண்டு நிற்கும். இயற்பியல் டீச்சர்கள் விசில் அடிக்கலாம்.

அந்த வீட்டுக்கு ஓய்வெடுக்க வருகிறான் ஷோ. 12 வயது, இதய நோயாளி, ஆபரேஷனுக்குக் காத்திருப்பவன். அவன் அவளைப் பார்த்துவிட, பயத்தில் சர்க்கரைக் கட்டி கை நழுவுகிறது. மறுநாள் அதை ஒரு சின்னச் சீட்டோடு அவள் வீட்டு வாசலருகே வைக்கிறான். அவளோ அதை அவன் ஜன்னலிலேயே திருப்பிப் போட்டு, 'எங்களை விட்டுவிடு' என்கிறாள். எடுத்துக்கொள்வது அவர்கள் பிழைப்பு. கொடுத்து வாங்குவது ஆபத்து.

ஷோவுக்கு அது புரியவில்லை. பரம்பரையாக அந்த வீட்டில் இருக்கும் பொம்மை வீட்டின் அழகான சமையலறையைப் பெயர்த்து, அவர்களுக்குப் பரிசாகத் தரைக்கு அடியில் பொருத்துகிறான். ஆசை ஆசையாகத்தான் செய்கிறான். ஆனால், கீழே இருப்பவர்களுக்கு? கூரையே பிடுங்கப்படுகிறது, வீடு குலுங்குகிறது, ஒரு பெரிய கை உள்ளே வருகிறது. வேலைக்கார அம்மா ஹரு, அரியெட்டியின் அம்மாவைப் பிடித்து ஜாடியில் அடைப்பது வில்லத்தனம். குழந்தைகள் அவரைத் திட்டுவார்கள். ஆனால் குடித்தனத்தை முதலில் கலைத்தது, கேட்காமலே செய்த அந்த நல்லதுதான். 

காக்கை பாயும் காட்சியில் சின்னக் குழந்தைகள் கொஞ்சம் மிரளலாம். மற்றபடி பாட்டி முதல் பேத்தி வரை ஒன்றரை மணி நேரம் தாராளமாக உட்காரலாம்.

கடைசியில் அந்தக் குடும்பம் வேறு இடம் தேடி, ஒரு கெட்டிலில் ஏறி ஓடை வழியே கிளம்புகிறது. வழியனுப்ப வரும் ஷோ, இந்த முறை நேருக்கு நேர் நின்று சர்க்கரைக் கட்டியை நீட்டுகிறான். அரியெட்டி வாங்கிக்கொள்கிறாள். பதிலுக்கு, தலைமுடியைக் கட்டியிருந்த கிளிப்பைக் கழற்றிக் கொடுக்கிறாள்.