மூக்குக்கும் வயதாகும்

கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம். காது மந்தமானால் வானொலியின் சத்தம் கூடுகிறது. பக்கத்து வீட்டுக்கும் செய்தி போய்விடுகிறது. மூக்கு மங்கினால் மட்டும் யாருக்கும் தெரிவதில்லை, மூக்குக்குச் சொந்தக்காரர் உட்பட.

அமெரிக்காவில் பீவர் டேம் என்ற ஊரில் 53 முதல் 97 வயது வரை உள்ள ஏறத்தாழ 2,500 பேரைச் சோதித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கில் ஒருவருக்கு முகரும் திறன் குறைந்திருந்தது. 80 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 60 விழுக்காட்டைத் தாண்டியது. ஆனால், ‘எனக்குக் குறை இருக்கிறது’ என்று சொன்னவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

குறைவதும் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். புகைப்பழக்கம், சைனஸ், கோவிட், சில மருந்துகள் எல்லாம் கணக்கில் சேரும். பார்க்கின்சன் நோயில், கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூக்கு மங்கிவிடுவதுண்டு.

வானொலியில் சமையல் பேச்சு எடுத்தால், “முன்ன மாதிரி ருசியே இல்லம்மா” என்று அழைக்கும் பெரியவர்கள் உண்டு. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணம்தான். அது குறைந்தால் மீன் குழம்பு சப்பென்று இருக்கும்; கை உப்பு ஜாடிக்குப் போகும்; ரத்த அழுத்தம் ஏறும். பழி மருமகள் மேல் விழும்!

பெரிய ஆபத்து அடுப்படியில் இருக்கிறது. சமையல் கேஸுக்கு இயல்பில் வாடையே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் நாற்றமடிக்கும் பொருளைக் கலக்கிறார்கள். பிறை அடுக்குமாடிகளில் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனபின் பகலெல்லாம் தனியாக இருக்கும் தாத்தா பாட்டிக்கு அந்த நாற்றம் எட்டாவிட்டால்?

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். கண்ணை மூடச் சொல்லி காப்பித்தூள், கிராம்பு, எலுமிச்சைத் தோல் ஒவ்வொன்றாக நீட்டுங்கள். தடுமாறினால் மருத்துவரிடம் காட்டுங்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும் 12 வாரம் முகர வைத்த ஜெர்மனி ஆய்வில், 2009-இல், சிலருக்குத் திறன் கூடியது. கிராம்புக்கு நம் பாலிக் பூலாவ் இருக்கிறது.

அதுவரை கேஸ் தோம்பின் வால்வை இரவில் மூடுங்கள். கசிவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவியைத் தரைக்குப் பக்கத்தில் பொருத்துங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும்.