நம்பரைச் சுரண்டியவர்களுக்கு ஒரு பில்

முன்குறிப்பு: நான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற ஆள் இல்லை. பி.காம். சால்டரிங் அயர்ன்ல ரெண்டு விரலைச் சுட்டுக்கிட்டதுதான் இந்த விஷயத்துல என் தகுதி. பொறியியல் மக்கள் தப்பு இருந்தா திருத்துங்க, திட்டாதீங்க :-)

போன செமஸ்டர் லீவுல ஹாஸ்டல் காலி பண்ணின சீனியர் ஒருத்தர்கிட்ட 500 ரூபாய்க்கு ஒரு கிடார் பெடல் வாங்கினேன். தெரியாதவங்களுக்கு: பெடல்னா கிடாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவுல மாட்டுற ஒரு சின்ன இரும்பு டப்பா. காலால அமுக்கினா சத்தம் மாறும். இது ஓவர்டிரைவ் பெடல், அதாவது சத்தத்தைக் கொஞ்சம் கரகரப்பாக்குற ஜாதி. ஆனா நான் வாங்கினது எந்த சத்தமும் போடலை. செத்த பெடல்னு சொல்லித்தான் குடுத்தார், அவர் மேல குத்தம் இல்லை.

திறந்து பார்த்தா பாதி கதை அங்கேயே தெரிஞ்சது. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் அடாப்டர்ல நடு முனை நெகட்டிவா இருக்கணும். யாரோ ஒரு புண்ணியவான் தலைகீழ் அடாப்டரைச் சொருகியிருக்கார். பாதுகாப்புக்கு வச்சிருந்த டயோடு கருகி ரெண்டா பிளந்திருந்தது. அப்புறம் இன்னொரு புண்ணியவான் ரிப்பேர் பண்றேன்னு ரெண்டு டயோடையும் ரெண்டு ரெசிஸ்டரையும் பிடுங்கிட்டு, திரும்ப மாட்டாம விட்டிருக்கார். போர்டுல அந்த இடங்கள்ல 'ஆர்17', 'டி2'ன்னு பேர் மட்டும் இருக்கு, மதிப்பு இல்லை. நடுவுல எட்டு கால் ஐசி ஒண்ணு. அதோட முதுகை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு நம்பரையே அழிச்சிருக்காங்க. இது எந்தப் புண்ணியவானும் பண்ணினதில்லை. தயாரிச்ச கம்பெனியே பண்ணினது.

சர்வீஸ் சென்டர் ஒண்ணுக்குக் கொண்டு போனேன். ஒரு நிமிஷம்கூடப் பார்க்கலை. "போர்டு போச்சு சார். ஸ்பேர் வராது, புதுசு வாங்கிக்கங்க."

சரின்னு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். சென்னை மக்களுக்குத் தெரியும், அந்தச் சந்துல கிடைக்காத பார்ட் ரொம்பக் கம்மி. கடைக்கார அண்ணன் பெடலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு ஒரே வரியில சொன்னார்: "தம்பி, நம்பரைச் சொல்லுங்க, பார்ட்டை இப்பவே தர்றேன்."

அவ்வளவுதாங்க விஷயம். பார்ட் ஒண்ணும் அபூர்வம் இல்லை, அவர் கைக்கு எட்டுற டப்பாவுல இருக்கு. எது வேணும்னு சொல்ற தகவல்தான் இல்லை. அந்தத் தகவலும் தானா தொலையலை. ஒருத்தர் கூலி குடுத்து ஆள் வச்சு சுரண்டியிருக்கார்.

நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்னு சொல்றேன், யாருக்காவது உதவும். மூணு குமிழ், எட்டு கால் ஐசி, ஐசியோட 1, 2 கால்களுக்கு நடுவுல எதிரெதிரா ரெண்டு டயோடுக்கான இடம். பக்கத்துல பிழைச்சிருந்த ரெசிஸ்டர் ஒண்ணுல மஞ்சள், வயலட், சிவப்புக் கோடுகள்: 4.7 கிலோ ஓம். இன்னொண்ணு பச்சை, பிரவுன், ஆரஞ்சு: 51 கிலோ ஓம். இந்த ஜாதகத்தை வச்சுத் தேடினா போய் நிக்கிற இடம் ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர். 1970களோட கடைசியில ஜப்பான்ல பிறந்த சர்க்யூட், உலகத்துல அதிகமா காப்பி அடிக்கப்பட்ட பெடல்கள்ல ஒண்ணு. அதுல இருக்கிற ஐசி 4558. டயோடு சாதாரண சிலிக்கான் வகை, 1என்4148 போதும். காணாமப் போன ரெண்டு ரெசிஸ்டரும் அவுட்புட் பக்கத்தது. 100 ஓமும் 10 கிலோ ஓமும் போட்டா டிஎஸ்-808, 470 ஓமும் 100 கிலோ ஓமும் போட்டா டிஎஸ்-9. ரெண்டு மாடலுக்கும் சர்க்யூட்ல பெரிசாச் சொல்ற வித்தியாசமே அவ்வளவுதான். நான் 808 போட்டேன். ஐசிக்கு பேஸ் வச்சேன், அடுத்த தடவை செத்தா பிடுங்கி மாட்டிக்கலாம். மீட்டர்ல பார்த்தா எட்டாவது கால்ல 9 வோல்ட்டுக்குப் பக்கம், நாலாவதுல பூஜ்யம், ஒண்ணுலயும் ஏழுலயும் ஏறக்குறைய பாதி. உயிர் வந்தாச்சு. கருகின டயோடையும் சேர்த்து மொத்தச் செலவு 40 ரூபாய். அதுலயும் அண்ணன் ரெசிஸ்டரை ஒண்ணு ரெண்டா தர மாட்டேன், பத்து பத்தாத்தான் எடுக்கணும்னுட்டார்.

இந்தக் கதையை கிளாஸ்ல சொன்னப்ப நம்ம கடைசி பெஞ்ச் பொருளாதார மேதை ஒருத்தன் கேட்டான்: "டேய், உன் நேரத்துக்கு மதிப்பு இல்லையா? ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் போட்டுப் பாரு. புதுசே வாங்கியிருக்கலாம்."

நியாயமான கேள்வி. அதனால கணக்கே போட்டேன். மொத்தம் 15 மணி நேரம் செலவாச்சு. மணிக்கு 100 ரூபாய்னு வச்சா 1500. பார்ட் 40, பெடல் 500. ஆக 2040. இந்தக் காசுக்கு மலிவான புதுப் பெடல் ஒண்ணு வந்திருக்கும். மேதை சொன்னது சரி.

ஆனா அந்த 15 மணி நேரத்தை உடைச்சுப் பாருங்க. கழட்டி, பத்த வச்சு, சோதிச்சுப் பார்த்தது ஒன்றரை மணி நேரம். மீதி 13.5 மணி நேரமும் 'இங்க என்ன இருந்துச்சு'ன்னு தேடினது. அதாவது 90 சதவீதம். பெடலுக்குள்ள ஒரு துண்டுக் காகிதத்துல சர்க்யூட் இருந்திருந்தா 690 ரூபாயில வேலை முடிஞ்சிருக்கும்.

ஆக, 'ரிப்பேர் கட்டுப்படி ஆகாது'ங்கறது இயற்கை விதி இல்லை மக்களே. அது ஒருத்தர் வேணும்னே ஏத்தி வச்ச விலை. தகவலை மறைக்கிறதால ரிப்பேர் செலவு ஏறுது. செலவு ஏறினதும் "பாருங்க, புதுசு வாங்குறதுதான் புத்திசாலித்தனம்"னு அதே ஆளுங்க நமக்குப் பாடம் எடுக்கிறாங்க. நாமளும் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்னு பேர் வச்சு அதை ஆமோதிக்கிறோம். 13.5 மணி நேரத்துக்கு 1350 ரூபாய் பில்லை நான் யாருக்கு அனுப்பணும்?

'சர்க்யூட்டை வெளியிட்டா காப்பி அடிச்சிருவாங்களே'ன்னு ஒரு வாதம் வரும். மூணு பதில் இருக்கு.

ஒண்ணு, என்கிட்ட இருக்கிற பெடலே டியூப் ஸ்க்ரீமரோட காப்பி. காப்பி அடிச்சவன், தன்னை யாராவது காப்பி அடிச்சிருவாங்கன்னு பயந்து நம்பரைச் சுரண்டுறான். என்ன கொடுமை சார் இது!

ரெண்டு, பிசினஸ் லா பேப்பர்ல பேட்டண்ட் படிச்சோமே, ஞாபகம் இருக்கா? கண்டுபிடிப்பை முழுசா எழுதி வெளியில சொல்லு, பதிலுக்கு 20 வருஷம் உனக்கு மட்டும் உரிமை. அதுதான் ஒப்பந்தம். உப்புத்தாள்காரர் அந்த ஒப்பந்தத்துல ஒரு பக்கத்தை மட்டும் கேக்கிறார். எதையும் சொல்ல மாட்டார், ஆனா உரிமை மட்டும் வேணும், அதுவும் கால வரம்பு இல்லாம.

மூணு, மறைச்சு ஒண்ணும் நடக்கறதில்லை. 1990கள்ல அமெரிக்காவுல வந்த க்ளான் சென்டார் பெடல்ல போர்டு மேலயே எபாக்ஸி ஊத்தி மூடியிருந்தாங்க. பண்ணினவர் தனி ஆள், சின்னத் தொழில், அவர் பயம் எனக்குப் புரியுது. அப்படியும் அதைச் சுரண்டி எடுத்து சர்க்யூட்டை வரைஞ்சாச்சு, இன்னைக்கு அதுக்குக் கணக்கில்லாத நகல்கள். ஆனாலும் பழைய ஒரிஜினல் ஆயிரக்கணக்கான டாலருக்கு விக்குது. டியூப் ஸ்க்ரீமர் சர்க்யூட் ஊரறிஞ்ச ரகசியம், ஐபனெஸ் இன்னும் அதை வித்துக்கிட்டுத்தான் இருக்கு. காப்பி அடிக்கிறவனுக்கு நேரமும் கருவியும் உண்டு, அவன் எப்படியும் கண்டுபிடிப்பான். எபாக்ஸியில மாட்டுறது ரிப்பேர் பண்ண நினைக்கிறவன் மட்டும்தான்.

அந்தக் காலத்து வால்வு ரேடியோக்கள் பலதுல எந்த வால்வு எங்கன்னு காட்டுற காகிதம் உள்ளேயே ஒட்டியிருக்கும். அதனால அந்தக் கம்பெனிங்க திவாலாயிடலை. நம்ம மத்திய அரசு 2022ல ரிப்பேர் உரிமைக்காக ஒரு போர்ட்டல் திறந்தது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம்னு நாலு துறை. நல்ல ஆரம்பம். ஆனா போர்ட்டல் வேற, சட்டம் வேற. நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்லை. போர்டுல மதிப்பை அச்சடி. ஐசி நம்பரை விட்டு வை. ஒரு பக்கம் சர்க்யூட் குடு. ஜெராக்ஸ் செலவு ரெண்டு ரூபாய், வேணும்னா அதை எம்.ஆர்.பி.யில சேர்த்துக்கோ.

கம்பெனிகளை மட்டும் சொல்லி என்ன பண்ண? பார்ட்டைப் பிடுங்கிட்டு ஒரு குறிப்புகூட எழுதாம விட்ட அந்த ரெண்டாவது புண்ணியவானும் நம்மள்ல ஒருத்தர்தான். அதனால பெடலை மூடுறதுக்கு முன்னாடி ஒரு சீட்டுல எல்லா மதிப்பையும், அடாப்டர் எந்தப் பக்கம்ங்கறதையும் எழுதி மடிச்சு உள்ளே வச்சேன். நான் ஹாஸ்டலைக் காலி பண்ணும்போது இதை 500 ரூபாய்க்கு வாங்கப் போற ஜூனியர் யாரோ தெரியலை. அவனுக்கு அந்த 13.5 மணி நேரம் மிச்சம்.

டிஸ்கி: ராத்திரி பதினோரு மணிக்கு 808 சோதனை நடந்தப்ப பொறுத்துக்கிட்ட பக்கத்து ரூம் நண்பர்களுக்கு நன்றி. வார்டனுக்கு சாரி :-)