நிழலில் வளரும் வாழை

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில், ஆயுத பூசைக்குத் தறியருகே கட்டும் கன்று முதல் திருமணப் பந்தலில் நிறுத்தும் குலைவாழை வரை, வாழைக்குத் தேவை மிகுதி. ஆயினும் அவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்கள் பெரும்பாலும் கிணற்று நீரை நம்பியே வாழ்கின்றன. கமண்டல நாகநதி ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அன்று. வாழையோ மிகுந்த நீரை வேண்டும் பயிர். அதனைத் திறந்த வெளியில் தனிப்பயிராக நட்டுக் கிணற்றை வற்றச் செய்வது தகுமா?

வாழைக்கு முழு வெயில் இன்றியமையாதது என்பர் சிலர். திண்டுக்கல் மாவட்டத்துக் கீழ்ப்பழனி மலைக்குச் சென்று காண்போர் அக்கருத்தை மாற்றிக்கொள்வர். அங்கே தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களில் பலாவும் முள்முருங்கையும் உயர்ந்து நிற்கும். அவற்றைப் பற்றி மிளகுக்கொடி ஏறும். கீழே காப்பிச் செடிகள். இடையிடையே விருப்பாட்சி வாழையும் சிறுமலை வாழையும். பழனிப் பஞ்சாமிர்தத்திற்குச் சுவையூட்டிப் புகழ்பெற்றது அவ்விருப்பாட்சிப் பழமே. பெரும்பாலும் மழைநீரைக் கொண்டே அத்தோட்டங்கள் பல்லாண்டு நிலைக்கின்றன.

நிழலில் வாழையிலை வெளியிடும் நீராவி குறைகிறது. உதிரும் சருகு மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. காற்றின் வேகத்தை மரங்கள் தணிப்பதால் இலை கிழிவதும் மரம் சாய்வதும் அரிதாகின்றன. இலைப்புள்ளி நோயும் தணிகிறது. குலை தள்ளக் காலம் நீளும், காய் சற்றுச் சிறுக்கும் என்பதும் உண்மையே. குலையின் எடையை மட்டும் நோக்குவோர்க்கு இது நட்டம். இறைத்த நீரின் விலையையும் சேர்த்து எண்ணுவோர்க்கு அவ்வாறு தோன்றாது.

ஆரணிப் பக்கத்து உழவர் இதற்கெனப் புதிய மரங்களை நடவேண்டுவதில்லை. நட்டால் அவையும் நீர் கேட்கும். தென்னைக்குப் பாயும் நீரிலேயே இடைவெளியில் வாழையை வளர்க்கலாம். ஆனால் எல்லாத் தோப்பும் இதற்கு ஏற்றதன்று. ஏறத்தாழ எட்டு முதல் இருபது ஆண்டு அகவையுள்ள தென்னையின் நிழல் மிக அடர்ந்தது. அங்கே வாழை நலிந்துபோகும். அதனினும் மூத்த தோப்பில் கதிரொளி தரையை எட்டும். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியின் மென்னிழலைக் கண்டு பழகிய கண்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

மலையினின்று கன்றுகளைக் கொணர்தல் மட்டும் கூடாது. முடிக்கொத்து நோயை நிழல் தடுப்பதில்லை. அசுவினியாலும் நோயுற்ற கன்றாலும் பரவும் அந்நோயே சென்ற நூற்றாண்டில் மலைவாழைத் தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. மேலும் விருப்பாட்சி மலைக் குளிர்ச்சிக்கு உரியது. ஆரணித் தோப்புகளுக்குப் பூவனும் மொந்தனும் போதும். கன்றுகள் நோயற்ற தாய்மரத்தினின்று எடுத்தனவாகவோ, நச்சுயிரி நீக்கிய திசு வளர்ப்புக் கன்றுகளாகவோ இருத்தல் வேண்டும்.