பணியிடத்தை விற்றவர்கள் பணத்தைத் திருப்பித் தரட்டும்

அரசு நிதியுதவி பெறும் நம் திருச்சபைப் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர் பணியிடம் விலைக்குப் போகிறது. தென் மாவட்டங்களில் இது ஊரறிந்த சங்கதி. இடைநிலை ஆசிரியருக்கு என்ன விலை, முதுகலை ஆசிரியருக்கு என்ன விலை என்று ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நிற்பவர்களைக் கேட்டால் கூசாமல் சொல்வார்கள். கிறிஸ்துவின் பெயரால் நடக்கும் களவு இது. வேறு பெயர் சொல்லி இதை மூடிவைக்க நாம் தயாராக இல்லை.

அந்த ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசுக் கருவூலம். நிர்வாகத்தின் வேலை, தகுதியுள்ளவரைத் தேர்ந்து நியமன ஆணை வழங்குவது மட்டுமே. தன் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடச் சம்பளம் தராதவர், அந்தத் தாளில் கையெழுத்துப் போட லட்சக்கணக்கில் வாங்குகிறார். கேட்டால் கட்டட நிதி என்கிறார். கட்டட நிதி என்றால் ரசீது எங்கே?

பணம் போகும் வழியும் மர்மமானதல்ல. சேகரத் தேர்தலில் தொடங்கி திருமண்டலப் பெருமன்றத் (டிசி) தேர்தல்வரை அணி சேர்த்து, வேன் பிடித்து, விருந்து வைத்து, வாக்குக்குப் பணம் கொடுத்து ஜெயித்தவர், போட்டதை எடுக்கப் பள்ளிக்கூடத்துக்குத்தான் வருகிறார். ஒரு ரூபாய் வாங்காமல் ஆணை கொடுத்த தாளாளர்களும் நம்மிடையே உண்டு. அடுத்த தேர்தலில் அவர்களைத் தோற்கடிக்கத்தான் இத்தனை பணமும் இறைக்கப்படுகிறது. சாமுவேலின் குமாரர் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாயிருந்து பரிதானம் வாங்கினார்கள். அதைக் காரணம் காட்டித்தான் இஸ்ரவேலின் மூப்பர்கள் தங்களுக்கு ராஜா வேண்டும் என்றார்கள். இன்று திருமண்டலத் தேர்தலை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதிகளை நீதிமன்றம் அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டோம். நம் வழக்கை நாமே தீர்க்கும் யோக்கியதை நம்மிடம் மிச்சமில்லை.

பணியிடத்தை விற்பவர்கள் கையில் பிடித்திருக்கும் கேடயம், சிறுபான்மையினருக்குத் தங்கள் கல்வி நிறுவனங்களை நிர்வகிக்கும் உரிமை தரும் அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு. நிர்வகிக்கும் உரிமைக்குள் சீர்கெட நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்று 1958இலேயே கேரளக் கல்வி மசோதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறுபான்மையினரின் உரிமைக்கு எதிரிகள் வெளியே இருக்கிறார்கள் என்று மேடையில் முழங்குகிறவர்களே, அந்த எதிரிகளுக்கு ஆதாரம் எழுதிக் கொடுப்பது நீங்கள்தான்.

மிஷனரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த காலந்தொட்டு இந்தப் பள்ளிகள் எப்படி வளர்ந்தன? பனையேறிகள் கொடுத்த காணிக்கையும், உலையில் அரிசி போடுமுன் பெண்கள் எடுத்துவைத்த பிடியரிசியும் இந்தச் சுவர்களுக்குள் இருக்கின்றன. பிடியரிசி கொடுத்தவளின் பேத்தி இன்று பி.எட். முடித்துவிட்டு, அரசுச் சம்பளம் இல்லாத மேனேஜ்மென்ட் போஸ்ட்டில் சொற்பச் சம்பளத்துக்கு அதே பள்ளியில் ஆண்டுக்கணக்காகப் பாடம் நடத்துகிறாள். நிரந்தரப் பணியிடம் காலியாகும்போது, நிலத்தை விற்கவோ நகையை அடகு வைக்கவோ முடிந்த இன்னொருவர் அதில் வந்து உட்காருகிறார். அவளுக்குச் செய்தது அநீதி என்று எந்தக் கமிட்டியும் இதுவரை தீர்மானம் போடவில்லை.

வாங்குகிறவர்களைக் கண்டித்ததோடு நாம் நிறுத்தப் போவதில்லை. கொடுக்கிறவரும் ஞானஸ்நானம் பெற்றவர்தான். ‘நாம் கொடுக்காவிட்டால் வேறொருவன் கொடுப்பான்’ என்ற பயம் புரிகிறது. மகளின் வயது ஏறுவதைப் பார்க்கும் தகப்பனின் தவிப்பும் தெரியாததல்ல. ஆனாலும் அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் பேதுருவின் கோபம் விழுந்தது பணத்தை நீட்டிய சீமோன்மேல். இங்கே பணம் நீட்டியவர், வேலை கிடைத்ததும் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார். கர்த்தர் வாசலைத் திறந்தார் என்று சாட்சி சொல்கிறார். வாசலைத் திறந்தது யார், என்ன விலைக்கு என்பது சபையில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் ஆமென் சொல்கிறார்கள். லஞ்சத்தைவிட இந்த ஆமென் நம்மை அதிகம் கலங்கவைக்கிறது.

குருமாரே, தசமபாகத்தைப் பற்றி ஓயாமல் பிரசங்கிக்கிறீர்கள். பரிதானத்தைப் பற்றிப் பேச ஏன் நா எழவில்லை? இடமாறுதல் பயம் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்துக்காகவா அபிஷேகம் பெற்றீர்கள்?

காலிப் பணியிடங்களின் பட்டியல் ஒவ்வொரு கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும். விண்ணப்பித்தவர்களின் தகுதியும் மதிப்பெண்ணும் தேர்வுக்கான காரணமும் அதன் கீழே வர வேண்டும். இதற்காக யாரிடமும் எந்தப் பெயரிலும் பணம் வாங்கவில்லை என்று தாளாளர் சபைக்கு முன் கையெழுத்திட்டு, அதன்பிறகே ஆணையைக் கொடுக்கட்டும். பேராயர்கள் இதைச் சுற்றறிக்கையாக அனுப்ப ஒரு வாரம் போதும்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு: சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்த முன்வந்தான். நாம் நாலு மடங்கு கேட்கவில்லை. வாங்கிய தொகையை, கொடுத்தவர்களுக்கே, வங்கி வழியாக, வரும் ஜூனில் பள்ளி திறக்குமுன் திருப்பிக் கொடுங்கள். கொடுத்து முடிக்கும்வரை கோயிலில் வேதபாடம் வாசிக்க எழுந்து நிற்காதீர்கள், திருவிருந்துக்கும் முன்வராதீர்கள்.